இரண்டு மாடிகளில் காய்ந்த நெல்

எனக்குப் பிடித்த வெயில் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவேன். மதுரையில் பங்குனி மாதத்துப் பிற்பகல் வெயில். மண்டையைப் பிளக்கும், ஆனால் மேலே ஒட்டாது. வேப்பமர நிழலுக்குள் ஓரடி எடுத்து வைத்தால் அது வெளியிலேயே நின்றுகொள்ளும். சென்னை வெயிலுக்கு அந்த மரியாதை தெரியாது. வீட்டுக்குள் வரும், சமையலறைக்குள் வரும், குளித்துத் துவட்டி முடிப்பதற்குள் திரும்பவும் நனைத்துவிடும். கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன முதல் வருடம், ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்துவிட்டு மூன்று முறையும் மதுரையை நினைத்து அழுதிருக்கிறேன்.

ஆனால் இதையெல்லாம் என் அக்காவிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவள் தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். எனக்குக் கடற்கரை ஊர் கிடைத்ததுபோல அவளுக்கும் ஒரு கடற்கரை ஊர். யார் ஊர் நல்ல ஊர் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் வருடக்கணக்கில் சண்டை.

"எங்க ஊரு வெயிலு கடல் தண்ணியவே உப்பா காய வைக்குதுடி. ஒன் ஊரு வெயிலு ஒரு உள்பாவாடைய காய வைக்குமா?" என்பாள்.

"ஒன் வீட்டு பீரோக் கதவு துருப்பிடிச்சு ஒட்டிக்கிருச்சாமே, மொதல்ல அதைத் தொறக்க வழி பாரு" என்பேன் நான்.

சும்மா பேசிய பேச்சுத்தான். அது ஒரு நாள் என் வாழ்க்கையையே அசைத்துப் பார்க்கும் விஷயமாகும் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் அப்பா, கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் களத்து மேஸ்திரியாக இருந்தவர். மில் என்றால் மிஷின் சத்தம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அவருக்கும் மிஷினுக்கும் சம்பந்தமில்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, சிமெண்டுக் களத்தில் பரப்பி, அது மிஷினுக்குப் போகும் பதத்துக்குக் காய்கிற வரைக்கும் அவர் ராஜ்ஜியம். எப்போது பரப்புவது, எப்போது கிண்டிவிடுவது, எப்போது கூட்டி அள்ளித் தார்ப்பாய் போடுவது, எல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். களத்தில் நின்றால் சமணர் மலை தெரியும். மலைக்கு மேல் கறுத்தால் இவ்வளவு நேரம், நாகமலைப் பக்கம் கறுத்தால் இவ்வளவு நேரம் என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அது பெரும்பாலும் தப்பாது.

காய்ந்ததா இல்லையா என்பதைப் பல்லால் பார்ப்பார். ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். நசுங்கினால் ஈரம். நொறுங்கித் தூளானால் காய்ச்சல் மிஞ்சிவிட்டது, மிஷினில் குருணையாகிப் போகும். டக்கென்று ஒரே சத்தத்தில் இரண்டாக உடைய வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் அவர் முகத்தில் வரும் ஒரு திருப்தியை, நான் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியபோதுகூடப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய், நான் ஒரு சௌராஷ்டிர வீட்டுப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் டவுனில் ஒரே கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தோம். நாங்கள் மேற்கே வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வகையறா. அவர்கள் வீட்டில் பேசுகிற பாஷையே வேறு. அப்பா திட்டவில்லை, கை ஓங்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு அம்மாவும் அக்காவும் வந்தார்கள். அவர் வரவில்லை.

கல்யாணம் முடிந்த கையோடு எங்களுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவாள். அப்பா கூடவே வருவாராம். ஆனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொள்வாராம். பேச்சு முடிகிற நேரத்தில் கதவு லேசாகத் திறக்கிற சத்தம் கேட்கும். அம்மா சொல்லுவாள்:

"ஒங்கப்பா கேக்குறாரு, அங்க மழையா வெயிலான்னு."

"வெயில்னு சொல்லும்மா."

"வெயிலாம்" என்று அம்மா வெளியே பார்த்துச் சொல்லுவது எனக்குக் கேட்கும். அவ்வளவுதான். ஐந்து வருடத்தில் அப்பா என்னிடம் பேசியது இதுதான், அதுவும் அம்மா வழியாக. நான் அந்த ஒரு கேள்விக்காக வாரம் பூராவும் காத்திருந்தேன் என்று சொன்னால் இப்போது சிரிப்பீர்கள். சனிக்கிழமை ராத்திரியே டிவியில் வானிலைச் செய்தி பார்த்து வைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார், ஆனால் சத்தத்தைக் கூட்டி வைப்பதும் அவர்தான்.

பிறகு அம்மா போய்விட்டாள். மாரடைப்பு. நாங்கள் மதுரை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. என் வீட்டுக்காரர் தெருவில் மற்ற ஆம்பளைகளோடு நின்றார். அப்பா அவரைப் பார்த்தார், பார்க்காததுபோலவும் இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் அம்மா என்று நினைத்து எடுத்துவிட்டேன்.

"நாந்தேன்த்தா" என்றார் அப்பா. "அங்க மழையா?"

"இல்லப்பா, வெயில்" என்றேன்.

அப்பாவுக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருந்தது. முழங்கால் வலியால் மில் வேலையையும் விட்டிருந்தார். தனியாக எப்படி விடுவது? காரியத்துக்கு நாங்கள் திரும்பவும் மதுரை போனபோது அக்கா அவரைத் தன்னோடு வரச் சொன்னாள். நானும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா வீடு என்றால் அவர் பார்த்துக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை வீடு. என் வீட்டு வாசல்படியை அவர் மிதித்ததில்லை. அவர் எங்கே போவார் என்பது, அவர் என்னை மன்னித்தாரா இல்லையா என்பதற்குப் பதில். எனக்கு அது அப்படித்தான் இருந்தது. அக்காவுக்கும் தெரியும்.

அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு ஊரும் கடலோரம். எனக்குக் கடக்காத்து பழக்கமில்ல. ரெண்டையும் பாத்துட்டுச் சொல்றேன்."

பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆடி மாதம் தூத்துக்குடிக்குப் போனவர் மஞ்சப்பையில் இரண்டு படி நெல் கொண்டு போயிருக்கிறார். அக்கா போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ராத்திரி பூரா வாளியில் ஊறப் போட்டு, காலையில் அவளுடைய இட்லிக் கொப்பரையில் அவித்து, மொட்டைமாடியில் பழைய சேலையை விரித்துப் பரப்பிவிட்டாராம். ஆடிக் காற்றில் சேலை பறந்துவிடாமல் நாலு மூலைக்கும் செங்கல்.

"காலைல போட்டாரு, சாயங்காலம் அள்ளிட்டாரு. கடிச்சுப் பாத்துட்டு, நல்லாக் காஞ்சிருச்சுன்னாரு. எங்க ஊரு வெயிலுன்னா சும்மாவா" என்றாள்.

வேறொருவர் ஒரு ஊரைப் பார்க்கப் போனால் கோயிலைப் பார்ப்பார், மார்க்கெட்டைப் பார்ப்பார். எங்கள் அப்பாவுக்கு ஊர் என்றால் களம். அந்தக் களத்தில் நெல் காய்ந்தால் நல்ல ஊர். அக்கா பாஸாகிவிட்டாள். அடுத்து என் முறை.

அவர் வந்தது ஐப்பசியில், தீபாவளிக்கு. சென்னையில் நெல் காயப்போட அதைவிட மோசமான மாதம் கிடையாது. "பொங்கலுக்கு வாங்களேன்ப்பா, பண்டிகை நல்லா இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். "மழை மாசத்துலதேன் ஊரோட கொணம் தெரியும்" என்றுவிட்டார். அந்த வருடம் எங்கள் தெருவே தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசை போட்டு, மழை எப்போது வரும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒருத்திதான் வேண்டாம் வேண்டாம் என்று பிள்ளையாரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாலையில் என் வீட்டுக்காரர் போய் பஸ்ஸிலிருந்து அழைத்துவந்தார். அப்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு புதிதாக வந்திருந்த சமயம். அங்கே பஸ்ஸைக் கண்டுபிடிக்கவே ஒரு பாடு ஆயிற்று என்று அப்பா என்னிடம் சொன்னார். எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார். எதிரே உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், "ஆபீசு எத்தன மணிக்குன்னு கேளுத்தா" என்பார். அவரும் சளைக்காமல், "ஒம்பதரைக்குன்னு மாமாகிட்டச் சொல்லு" என்பார். நான் நடுவில் அம்மாவின் பழைய வேலையைப் பார்த்தேன்.

மஞ்சப்பையில் நெல் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இரண்டாம் மாடி பிளாட் முழுக்க அவித்த நெல் வாசம். எனக்கு அது பிறந்த வீட்டு வாசம், பக்கத்து வீட்டம்மாவுக்கு எங்கோ சாக்கு நனைந்த நாற்றம். கதவைத் தட்டி விசாரித்துவிட்டுப் போனாள். நான் மொட்டைமாடியைக் கூட்டித் துடைத்து என் நூல் சேலை ஒன்றை விரித்துக் கொடுத்தேன். "பாருங்கப்பா, மத்தியானத்துக்கு மேல கடக்காத்து வந்துரும், சும்மா சிலுசிலுன்னு அடிக்கும்" என்று ஊருக்காக வாய் கிழியப் பேசினேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சை அக்கா கேட்டிருக்க வேண்டும்.

வெயிலும் அன்றைக்கு என் பக்கம் நின்றது. பதினோரு மணி வரை நன்றாகவே அடித்தது. அப்பா வெறுங்காலோடு நெல்லுக்குள் நடந்து கிண்டிவிட்டார். களத்தில் கையால் கிண்டுவதில்லை. பாதத்தைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே நடந்தால் இரண்டு பக்கமும் நெல் புரண்டு வரப்பு மாதிரி நிற்கும். கிண்டி முடித்துவிட்டு அவர் மேற்கே பார்த்தார். முப்பது வருடமாகப் பார்த்த திசை. மலை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்த் தொட்டிகளும் ஆண்டெனாக்களும் இருந்தன. அதற்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது. கிழக்கேயும் பார்த்தார். எதிர் பிளாட் மறைத்தது.

"இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கக் கீழே இறங்கி வந்தார்.

மதுரையில் ஐப்பசி மழை, இதோ வருகிறேன் பார் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டு வரும். அரை மணி நேரம் கிடைக்கும், களத்தையே அள்ளிவிடலாம். இங்கே கடல் எங்கள் தெருவிலிருந்து இரண்டு மைல். அந்த எதிர் பிளாட்டுக்குப் பின்னால் மேகம் எழும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. அப்பா டம்ளரை வாயில் வைத்தபோது ஜன்னல் தகரத்தில் சடசடவென்று விழுந்தது.

அவர் எழுந்தார். முழங்கால் அவரை அவ்வளவு வேகமாக விடவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரர் ஷேவிங் சோப்பு முகத்தோடு குளியலறையிலிருந்து ஓடினார். செருப்புப் போடவில்லை, என்ன ஏது என்று கேட்கவில்லை. நாங்கள் படியேறிப் பாதி வழி போவதற்குள் சேலையின் நாலு முனையையும் சேர்த்து மூட்டையாகக் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். சோப்பு நுரை மழையில் கரைந்து பனியனில் வழிந்தது. மேல்பகுதி நெல் நனைந்திருந்தது. அடியில் இருந்தது தப்பித்தது.

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், "இவுக அப்பாருக்கு என்ன தொழில்னு சொன்ன?"

நான் எந்தக் காலத்தில் சொன்னேன்? அவர்தான் எந்தக் காலத்தில் கேட்டார்?

என் வீட்டுக்காரரே பதில் சொன்னார். "சாயம் மாமா. நூலுக்குச் சாயம் போடுறது. எங்க தெருவுல மூங்கில் கட்டித்தான் காயப்போடுவோம். ஒரு சொட்டு விழுந்தாப் போதும், யார் வீட்டு நூலுன்னு பாக்க மாட்டோம், தெருவே ஓடிப் போய் அள்ளிரும்."

"ம்" என்றார் அப்பா. "அதான் ஓடத் தெரிஞ்சிருக்கு."

மழை நிற்கவில்லை. ஹாலில் இருந்த நாற்காலி, டீப்பாய் எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளி, பேப்பர் விரித்து, பேனுக்குக் கீழே நெல்லைப் பரப்பினோம். அவித்த நெல்லை ஈரத்தோடு குவித்து வைத்தால் வீச்சமடித்துவிடும், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் கரண்டும் போனது. அப்பாவுக்குக் கால் நோக ஆரம்பித்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் பேண்ட்டை மடித்துவிட்டு நெல்லுக்குள் இறங்கினார். நூல் காயப்போடத் தெரிந்தவருக்கு நெல் தெரியாது. சேற்றில் நடப்பதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். பாதத்தில் ஒட்டிய நெல் ஹால் முழுக்க இறைந்தது.

நான் சமையலறையில் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது கேட்டது.

"மாப்ள, காலத் தூக்காதீக. இழுங்க. தரையோட தேச்சு இழுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆங், அப்படித்தேன் மாப்ள" என்றும் கேட்டது.

மெழுகுவர்த்தி கையில் கிடைத்த பிறகும் நான் தேடிக்கொண்டே இருந்தேன். அழுகிற முகத்தோடு ஹாலுக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து வருடமாக நான் எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேனோ அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டார். எனக்கு அது போதும் என்று அப்போது தோன்றியது.

ஆனால் மனுஷ மனசுக்குப் போதும் என்பது எத்தனை நாள் நிற்கும்? தீபாவளி முடிந்தது. நெல் காய நாலு முழு நாள் பிடித்தது. வெடிச் சத்தத்துக்கு நடுவே மாப்பிள்ளையும் மாமனாரும் மாற்றி மாற்றிக் காலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் அப்பா ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தனியாக ஒரு துணியில் முடிந்து பையில் வைத்துக்கொண்டார்.

அவர் குளிக்கப் போனபோது நான் அந்தப் பையைத் திறந்தேன். உள்ளே இன்னொரு முடிச்சும் இருந்தது. அக்கா வீட்டு நெல். ஒப்பிட்டுப் பார்க்க ஆடியிலிருந்து பத்திரமாக வைத்திருக்கிறார். மேஸ்திரி மகளுக்குக் கடிக்கத் தெரியாதா? அக்கா வீட்டு நெல்லை முதலில் கடித்தேன். டக்கென்று இரண்டாக உடைந்தது. என்னுடையதைக் கடித்தேன். உடைவதற்கு முன்னால் கொஞ்சம் நசுங்கியது. லேசாக ஒரு வீச்சமும் அடித்தது. இரண்டு முடிச்சையும் இருந்தபடியே கட்டி வைத்தேன். தோற்றது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊருக்குப் போகும்போது அவர் எந்த முடிவும் சொல்லவில்லை. "வாரேன் மாப்ள" என்று மட்டும் சொன்னார். அக்கா அதற்குள் அப்பாவுக்கென்று கட்டில் வாங்கி, கடல் பக்கத்து அறையில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். முதல் முறையாக நான் அவளோடு வெயிலுக்குச் சண்டை போடவில்லை. "ஒன் ஊருதான்க்கா நல்ல ஊரு" என்றேன். அவள் பதறிப்போய், "ஏன்டி, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது.

"அங்க மழையா?"

"ஆமாப்பா. நாலு நாளா விடல."

"துணிமணியெல்லாம் காயுதா?"

"எங்கப்பா காயுது? வீடு பூரா ஈரத்துணிதான்."

"ம்." பூத்துக்கு வெளியே பஸ் ஒன்று போகிற சத்தம் கேட்டது. "தை பொறந்ததும் அங்க வந்துர்றேன். மாப்ளகிட்டச் சொல்லிரு."

எனக்கு வந்த சந்தோஷத்தில் சும்மா இருந்திருக்கலாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. "அக்கா வீட்டுல ஒரே நாள்ல காஞ்சதுப்பா. இங்க நாலு நாளாச்சு. அப்பவும் சரியாக் காயல. நான் கடிச்சுப் பாத்தேன்" என்று உண்மையைக் கொட்டிவிட்டேன்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார் அப்பா. "அக்கா வீட்டுல காலைல பரப்பிட்டுக் குந்துனேன், சாயங்காலம் அள்ளுனேன். அம்புட்டுத்தேன். எல்லாம் தன்னால காஞ்சிருது. அங்க எனக்கு என்னத்தா சோலி இருக்கு? ஒன் வீட்டுலதேன் கிண்டிவிட ஒரு ஆளு வேணும்."

போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஈரத் தலையணை உறைகளை நாற்காலி முதுகில் ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா தைக்கு வாராராம், இங்கேயே இருக்க" என்றேன். "மாப்ளகிட்டச் சொல்லச் சொன்னாரு."

அவர் கையிலிருந்த உறையை விரிக்காமல் நாற்காலியில் போட்டார். பிறகு சுவரோரம் இருந்த டீப்பாயைப் பார்த்து, "அதை இங்கேருந்து எடுத்துரலாம்" என்றார். "நெல்லு போட எடம் பத்தாது."